காணாக் கதிர்களும் மலையகமும்

அறிவியலின் வளர்ச்சியைத் தனிமனித மேதைமையின் விளைவாக மட்டும் நோக்கும் போக்கு நம்மிடையே இன்றும் செல்வாக்குடையது. கருவிகள் யார் கையிலிருந்தன, வானத்தை ஆராயும் ஓய்வு யாருக்கு வாய்த்தது என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. ஒரேயொரு விண்மீன் மண்டலத்தின் வரலாற்றைக் கொண்டு அவ்வினாக்களை எழுப்ப முற்படுகின்றோம்.

சென்டாரஸ் ஏ எனப்படும் அது ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. உயிர்ப்புமிகு மண்டலங்களுள் நமக்கு மிக அண்மையானவற்றுள் ஒன்று. மேகம் விலகிய சித்திரை இரவுகளில் நுவரெலியா, ஹற்றன் மலைகளின் தென்வானில் 40 பாகை உயரம்வரை எழுவது. 1826 இல் அதனை முதலிற் பதிவு செய்த ஜேம்ஸ் டன்லப் ஸ்கொத்லாந்து நெசவாளி ஒருவரின் மகன். நியூ சவுத் வேல்ஸ் ஆளுநரின் வான்நோக்கு நிலையப் பணிக்கென அழைத்துச் செல்லப்பட்டவர். அதே தசாப்தத்தில் இலங்கை மலைக்காடுகள் கோப்பிக்காக அழிக்கப்படலாயின. தென்வானத்தை அளக்க நெசவாளி மகனைக் கொண்டுசென்ற பேரரசே, காடழிக்கவும் கோப்பி பறிக்கவும் தமிழகத்து ஏழை மக்களை மலையேற்றியது.

1949 இல் சிட்னிக் கடற்குன்றொன்றிலிருந்து ஆராய்ந்த போல்ட்டன் குழுவினர், வலிய வானொலி மூலமொன்று இம்மண்டலமே என இனங்கண்டனர். உலகப் போரின் ராடார்த் தொழில்நுட்பம் அவர்களுக்குத் துணையாயிற்று. அதே ஆண்டிலேதான், முன்னைய ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மலையகத் தமிழர் வாக்குரிமையையும் இழந்தனர். கால ஒற்றுமை தற்செயலானதே. ஆயினும், அறிவின் எல்லை விரிந்த காலத்தில் உரிமையின் எல்லை சுருங்கியமையை வரலாறு மறத்தலாகாது.

எக்ஸ் கதிரை வளிமண்டலம் தடுத்துவிடும். அதனை அறிய வானுக்கு அப்பாற் செல்லவேண்டும். 1970 டிசம்பர் 12 இல், கென்ய விடுதலை நாளன்று, அந்நாட்டுக் கடற்கரைக்கு அப்பாலிருந்து ஏவப்பட்ட அமெரிக்கச் செய்மதி, சுவாகிலியில் விடுதலை எனப் பொருள்படும் 'உஹுரு' என்னும் பெயரைப் பெற்றது. இம்மண்டலத்தின் எக்ஸ் கதிர்களை அதுவும் அளந்தது. கருந்துளையை நோக்கி வீழும் பொருளின் கொதிப்பை அக்கதிர்கள் உணர்த்துகின்றன. ஒளியை விழுங்கும் தூசோ சூடேறிச் செந்நிறக்கீழ்க் கதிராக அதனைத் திருப்பி உமிழ்கின்றது. 2003 இல் ஏவப்பட்ட ஸ்பிற்சர் தொலைநோக்கி, அத்தூசின் இணைகர வடிவைக் காட்டியது; முன்னொரு காலத்தில் விழுங்கப்பட்ட சுருள் மண்டலமொன்றின் எச்சமே அது என ஆய்வாளர் விளக்குவர்.

செந்நிறக்கீழ்க் கதிர்களுட் பலவற்றை நீராவி உறிஞ்சிவிடும். தேயிலையை வளர்க்கும் ஈரமே அவ்வகை ஆய்வுக்குத் தடை. எனவே மலையகத்தில் அத்தகைய நிலையம் எழாமைக்குப் பேரரசை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. ஆனால் அறிவுக்கு வேண்டிய பள்ளியும் ஓய்வும் லயன்களுக்கு எட்டாதிருந்தமை இயற்கையின் விளைவன்று.

எஞ்சியோரின் குடியுரிமைக்கு வழிவகுத்த சட்டமும் 2003 இலேயே வந்தது. குடியுரிமை கிடைத்தாற் போதாது. கருவியும் கல்வியும் பொதுவுடைமையாகும் நாளிலேயே, கொழுந்து பறிப்போரின் பிள்ளைகள் தம் தலைக்கு மேலுள்ள வானுக்கு உண்மையில் உரியவராவர்.