குவியலின் உள்ளிருந்த ஈரம்

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். கேட்டதும் அவ்வணிகர் உண்மையையே கூறினார். எனினும் குவியலின் தோற்றம் வாங்குவோரைத் தவறாக எண்ணச் செய்திருக்கும்.

ஆஸ்திரேலியாவின் 1974ஆம் ஆண்டு வணிகச் சட்டமும் இத்தகைய தோற்றத்தையே தடை செய்தது. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதை அங்குள்ள நீதிமன்றங்கள் நிபந்தனையாகக் கொள்வதில்லை; சாதாரண நுகர்வோர் மனத்தில் என்ன பதியும் என்றே ஆராய்கின்றன. மாதம் 29.99 டாலருக்கு இணைய இணைப்பு எனப் பெரிதாக விளம்பரம் செய்தது டிபிஜி நிறுவனம். வீட்டுத் தொலைபேசிக்கு மேலும் 30 டாலர் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோ சிறிதாகவே இடம்பெற்றது. 2013இல் அந்நாட்டின் தலைமை நீதிமன்றம், மேலோங்கி நின்ற செய்தியே மக்களைத் தவறாக எண்ண வைத்தது எனக் கண்டு, 20 இலட்சம் டாலர் அபராதத்தை நிலைநிறுத்தியது.

சட்டம் தோற்றத்தை அளக்கிறது. மார்க்கமோ நிய்யத்தையும் கேட்கிறது. ஹலாலான சம்பாத்தியத்தை நாடும் நாம், நம் சரக்கினுள் நாமே முதலில் கையை நுழைத்துப் பார்ப்போமாக.