திறந்த மடற்குழுக்களும் ஸ்பேமும்: தற்காப்பு முறைகளின் வரலாறு

முன்னுரை

யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியது எல்லோருக்கும் போய்ச் சேரும். மின்னஞ்சல்வழி மடற்குழு என்ற ஏற்பாடு இந்த இரண்டு வசதிகளை நம்பித்தான் இயங்குகிறது. ஒரே முகவரிக்கு அனுப்பிய மடல் பல ஆயிரம் பேருக்குப் போவதால், விளம்பரக்காரர்களுக்கும் மோசடிக்காரர்களுக்கும் இதைவிட மலிவான வழி வேறில்லை. ஸ்பேம் எனப்படும் வேண்டாத மடல்களை இக்குழுக்கள் எதிர்கொண்ட முறைகள் அரை நூற்றாண்டில் பலமுறை மாறியுள்ளன. எத்தனை பிரதிகள் வந்தன, அனுப்பியவர் உறுப்பினரா, மடலில் என்ன இருக்கிறது, எந்த டொமைன் அதற்குச் சான்று தருகிறது என்று அளவுகோல் மாறிக்கொண்டே வந்தது. அளவுகோல் மாறியபோதெல்லாம் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் குழுவின் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கண்டனம் மட்டுமே இருந்த காலம்

சிக்கலை முதலில் எழுத்தில் பதித்தவர்களுள் ஒருவர் ஜான் போஸ்டல். 1975 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 706 என்ற சிறு குறிப்பில், வேண்டாத செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும் கணினியை மறுக்க, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் வழியில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில்தான் ஆர்பாநெட்டின் முன்னோடி மடற்குழுக்களுள் ஒன்றான எம்எஸ்ஜி குரூப் தொடங்கியது. அதன் பொறுப்பாளராக இருந்தவர் ஐனர் ஸ்டெஃபெரூட்.

1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி துர்க், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் காண வருமாறு அமெரிக்க மேற்குக் கரையிலிருந்த ஏறத்தாழ 400 ஆர்பாநெட் பயனர்களுக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் மிகுதியானதால், இடம் போதாமல் ஒரு பகுதி மடலின் உடலுக்குள்ளேயே வழிந்துவிட்டது. வலையமைப்பை நிர்வகித்த பாதுகாப்புத் தகவல்தொடர்பு முகமை கண்டனம் தெரிவித்தது. எம்எஸ்ஜி குரூப்பில் நடந்த விவாதம் அதைவிடக் கவனிக்கத்தக்கது. விளம்பரம் தவறு என்றனர் சிலர். பயனுள்ள தகவல்தானே என்றும் குரல்கள் எழுந்தன. இளைஞராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலில் அந்த மடலைப் பெரிய குற்றமாகக் கருதவில்லை; அதன் நீண்ட முகவரிப் பட்டியலைப் பார்த்த பிறகே சலித்துக்கொண்டார். பயனர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த வலையமைப்பில் கண்டனமே போதிய தண்டனையாக இருந்தது. ஆர்பாநெட்டில் விளம்பர மடல் வாடிக்கையாக மாறவில்லை.

எண்ணிக்கை என்னும் அளவுகோல்

பொது விவாதக் குழுக்களின் வலையமைப்பான யூஸ்நெட் வளர்ந்து, பழக்கமில்லாதவர்கள் உள்ளே வந்ததும் கண்டனம் பல்லிழந்தது. 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த கான்டர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி, அமெரிக்க கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பித்துத் தருவதாக 5,000-க்கும் மேற்பட்ட யூஸ்நெட் குழுக்களில் விளம்பரம் இட்டனர். வசைமடல்கள் குவிந்து அவர்களுடைய இணையச் சேவை நிறுவனத்தின் கணினியே திணறியது. அவர்களோ வருந்தவில்லை, இந்த உத்தியை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் புத்தகமே எழுதினார்கள்.

யூஸ்நெட் நிர்வாகிகளிடம் ஓர் ஆயுதம் இருந்தது: ஒருவர் இட்ட பதிவை நீக்கச் சொல்லும் ரத்துக் கட்டளை. பதிவிட்டவருக்காக வைத்த வசதிதான் என்றாலும் சரிபார்ப்பு இல்லாததால் யாராலும் அதை அனுப்ப முடிந்தது. எதை ரத்து செய்யலாம் என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை பிரைட்பார்ட் குறியீடு. ஒவ்வொரு பிரதியும் எத்தனை குழுக்களுக்குப் போனதோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தைக் கூட்ட வேண்டும். ஒன்பது குழுக்களுக்குப் பொதுவாக இட்ட ஒரு பதிவுக்கு மதிப்பு 3. நாற்பத்தைந்து நாளில் கூட்டுத்தொகை 20-ஐ எட்டினால் அது ஸ்பேம். பதிவில் சமயப் பிரசாரம் இருந்தாலும் சோப்பு விளம்பரம் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். உள்ளடக்கத்தைப் பார்த்து நீக்கினால் தணிக்கை என்ற பழி வரும் என்பதால் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதெனத் தெரிந்தே முடிவெடுத்தார்கள்.

இந்த அளவுகோல் மடற்குழுக்களுக்கு உதவவில்லை. ஒரே விளம்பரம் ஆயிரம் குழுக்களுக்குப் போயிருந்தாலும் ஒவ்வொரு குழுவுக்கும் வந்து சேர்வது ஒரு பிரதிதான். குழுவுக்குள் இருந்துகொண்டு எண்ணிப் பார்க்க எதுவும் இல்லை. அதனால் கேள்வி அனுப்புபவரின் பக்கம் திரும்பியது.

உறுப்பினர் வேலியும் மட்டுறுத்துநரும்

1986-இல் எரிக் தாமஸ் எழுதிய லிஸ்ட்செர்வ், 1992-இல் பிரென்ட் சாப்மன் வெளியிட்ட மேஜர்டோமோ, பின்னர் ஜான் வீகா தொடங்கி பாரி வார்சா வளர்த்த மெயில்மேன் ஆகியவை மடற்குழுக்களின் நிர்வாகத்தைத் தானியங்கியாக்கின. உறுப்பினர் அல்லாதவரின் மடலை நிறுத்திவைக்கும் வசதி இவற்றின் வழியே பரவலானது. பிறர் முகவரியைக் கொடுத்துச் சேர்த்துவிடும் தொல்லைக்கு, உறுதிமடலுக்குப் பதில் அனுப்பினால்தான் உறுப்புரிமை என்ற விதி வந்தது. ஆவணக்காப்பகப் பக்கங்களிலிருந்து முகவரிகளைத் திரட்டும் நிரல்களை ஏமாற்ற, மெயில்மேன் அந்தப் பக்கங்களில் '@' குறிக்குப் பதிலாக 'அட்' என்ற ஆங்கிலச் சொல்லை இட்டது.

இந்த உறுப்பினர் வேலியின் விலையை மெயில்மேன் நிர்வாகப் பக்கத்தில் பார்க்கலாம். நிறுத்திவைத்த ஒவ்வொரு மடலுக்கும் நான்கு தெரிவுகள்: ஒத்திவை, ஏற்றுக்கொள், நிராகரி, அழி. ஒத்திவைத்தவற்றை மொத்தமாக அழிக்கும் பெட்டி ஒன்றும் தனியாக உண்டு. பெரும்பாலும் குப்பையே வரும் வரிசைக்கு அது அவசியம்தான். ஆனால் அந்தக் குவியலுக்குள் வேறு முகவரியிலிருந்து எழுதிவிட்ட பழைய உறுப்பினரின் மடலோ, முதன்முறையாக ஐயம் கேட்கும் புதியவரின் மடலோ கிடந்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும். 'நிராகரி' என்பதிலும் சிக்கல் உண்டு. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி போலி என்பதால் நிராகரிப்புக் கடிதம் சம்பந்தமே இல்லாத ஒருவருக்குப் போகும். 'உங்கள் மடல் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்ற தானியங்கிப் பதிலும் அப்படியே. மரியாதைக்காக வைத்த வசதி பிறருக்கு ஸ்பேமானதால் மட்டுறுத்துநர்கள் பலர் சத்தமில்லாமல் அழிக்கும் பழக்கத்துக்கு மாறினார்கள்.

வந்த வழியும் உள்ளடக்கமும்

மட்டுறுத்துநரின் சுமையைக் குறைக்க இரண்டு கருவிகள் வந்தன. முதலாவது கறுப்புப் பட்டியல். 1990-களின் பிற்பாதியில் பால் விக்சியும் டேவ் ராண்டும் தொடங்கிய மேப்ஸ், ஸ்பேம் அனுப்பும் கணினிகளின் ஐ.பி. எண்களைப் பட்டியலிட்டு டி.என்.எஸ். வழியாகப் பிறர் சரிபார்க்க உதவியது. குழு தானே தீர்மானிப்பதை விட்டு, வெளியாள் தொகுத்த பட்டியலை நம்பத் தொடங்கியது இங்கேதான். ஒரு மடற்குழுவின் சர்வரே பட்டியலில் மாட்டிக்கொண்டால், தவறே செய்யாத உறுப்பினர்களுக்கும் மடல் போகாது.

இரண்டாவது கருவி உள்ளடக்க வடிகட்டி. 2001-இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பேம்அசாசின் பல விதிகளின்படி மடலுக்கு மதிப்பெண் இட்டது. இயல்பான அமைப்பில் 5 புள்ளியைத் தொட்டால் ஸ்பேம். 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை, சொற்களின் நிகழ்தகவை அவரவர் அஞ்சலிலிருந்தே கற்றுக்கொள்ளும் முறையைப் புகழ்பெறச் செய்தது. ஆயிரம் ஸ்பேமில் ஐந்துக்கும் குறைவாகவே தப்புவதாக அவர் எழுதினார். தனி ஒருவரின் பெட்டியில் நன்கு வேலை செய்த இம்முறை பொதுக்குழுவில் அவ்வளவு எளிதாக அமையவில்லை. மருந்தியல் குழுவில் மருந்துப் பெயர்கள் இயல்பானவை. ஸ்பேம் தடுப்பைப் பற்றியே பேசும் குழுவில் ஸ்பேமை மேற்கோள் காட்டாமல் உரையாட முடியாது. யூஸ்நெட் நிர்வாகிகள் தவிர்த்த உள்ளடக்கத் தீர்ப்பு இப்போது நிரலின் வேலையானது.

2014 ஏப்ரல்

அடுத்த கட்டம் சான்றளித்தல். எந்தச் சர்வர் ஒரு டொமைனின் பெயரில் அனுப்பலாம் என்பதை எஸ்.பி.எஃப். அறிவிக்கிறது, மடல் வழியில் மாறவில்லை என்பதை டி.கே.ஐ.எம். மின்கையொப்பம் காட்டுகிறது. அனுப்புநர் முகவரியில் உள்ள டொமைனோடு இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது 2012-இல் அறிவிக்கப்பட்ட டிமார்க். வங்கிகளின் பெயரில் வரும் மோசடி மடல்களைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு.

2014 ஏப்ரலில் யாஹூவும், சில வாரங்களில் ஏ.ஓ.எல்.லும் தம் சாதாரணப் பயனர்களின் முகவரிகளுக்கும் 'பொருந்தாவிட்டால் நிராகரி' என்ற கொள்கையை அறிவித்தன. தங்கள் பயனர்களின் பெயரில் வந்த போலி மடல்களைத் தடுப்பது அவற்றின் நோக்கம். யாஹூ பயனர் ஒருவர் குழுவுக்கு எழுதினால் நடந்தது இது: குழுவின் சர்வர் பொருள்வரியில் குழுப்பெயரைச் சேர்க்கும், அடியில் விலகும் வழியை ஒட்டும், கையொப்பம் முறிந்துவிடும். மடலை அனுப்புவது குழுவின் சர்வர் என்பதால் எஸ்.பி.எஃப்.பும் பொருந்தாது. ஜிமெயில் அதைத் திருப்பி அனுப்பும். மெயில்மேன் அப்படித் திரும்பி வந்ததை ஜிமெயில் உறுப்பினரின் குற்றமாகக் கணக்கு வைத்து, சில மடல்களுக்குப் பின் அவருக்கான அஞ்சலை நிறுத்திவிடும். யாஹூக்காரர் எழுத, ஜிமெயில்காரர் குழுவை இழந்தார்.

மடற்குழு மென்பொருள்கள் அனுப்புநர் முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றும் வழியைக் கைக்கொண்டன. மடல் போய்ச் சேர்ந்தது. ஆனால் எழுதியவரின் முகவரி மறைந்து எல்லா மடல்களும் குழுவே எழுதியவை போலத் தோன்றின. இந்த மோதலை ஆர்.எஃப்.சி. 7960 ஆவணப்படுத்தியது, 2019-இல் வந்த ஏ.ஆர்.சி. என்ற தீர்வும் பெறுநர் நிறுவனம் குழுவின் சர்வரை நம்பினால்தான் பயன்தரும். 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000-க்கும் மேற்பட்ட மடல்களைத் தன் பயனர்களுக்கு அனுப்புவோர் இச்சான்றுகளை வைத்திருக்க வேண்டும் என்று ஜிமெயில் விதித்தது.

முடிவுரை

இந்தச் சூழலிலும் திறந்த குழுக்கள் அழியவில்லை. லினக்ஸ் கெர்னல் மடற்குழுவுக்கு உறுப்பினராகாமலேயே எழுதலாம், எச்.டி.எம்.எல். மடலை அது ஏற்பதில்லை, பொருள்வரியிலும் அடியிலும் எதையும் சேர்ப்பதில்லை. வந்தபடியே அனுப்புவதால் கையொப்பம் முறிவதில்லை. டெபியன் குழுக்களின் ஆவணக்காப்பகத்தில் எந்த வாசகரும் ஒரு மடலை ஸ்பேம் என்று சுட்டலாம். அதை நீக்குவதற்கு முன் தன்னார்வலர்கள் பார்த்து உறுதிசெய்கிறார்கள்.

இரண்டிலும் பொதுவாக இருப்பது, குழு தன் தீர்ப்பை முழுவதுமாக வெளியே ஒப்படைக்காமல் ஒரு பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டதுதான். வடிகட்டியும் பட்டியலும் சான்றும் இல்லாமல் இன்று எந்தக் குழுவும் ஒரு நாள்கூடத் தாங்காது. ஆனால் புதியவரின் முதல் மடலையும் மோசடிக்காரரின் முதல் மடலையும் பிரித்தறிவது இன்னும் அந்தக் குழுவின் பேச்சை அறிந்தவருக்கே எளிது. அந்த ஊதியமற்ற உழைப்புக்கு ஆள் கிடைக்கிறவரைதான் ஒரு குழு திறந்திருக்க முடியும் என்பதே இந்த வரலாறு காட்டுவது.