விளம்பர விளையாட்டு

விளம்பர விளையாட்டு என்பது ஒரு பொருளையோ சேவையையோ வணிகப் பெயரையோ பரப்பும் நோக்குடன் உருவாக்கப்படும் கணினி விளையாட்டு ஆகும். பெரும்பாலும் இது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். விளையாட்டின் இடையே விளம்பரம் காட்டப்படுவதிலிருந்து இது வேறுபட்டது. இங்கு விளையாட்டே விளம்பரம் ஆகும்.

வரலாறு

லைஃப் சேவர்ஸ் என்னும் அமெரிக்க மிட்டாய்க்காக 1997 இல் தொடங்கப்பட்ட கேண்டிஸ்டாண்ட் இணையத்தளம் இவ்வகையின் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. இந்தியாவில் 1998 இல் அலோக் கெஜ்ரிவால் மும்பையில் தொடங்கிய கான்டெஸ்ட்ஸ்டுவின் நிறுவனம், வணிகப் பெயர்களுக்காக இணையப் போட்டிகளை நடத்தியது. 2000களில் இத்தகைய விளையாட்டுகள் பல ஃபிளாஷ் நுட்பத்தில் செய்யப்பட்டன. அந்நுட்பத்துக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 உடன் முடிவுற்றதால், அவற்றுள் பலவற்றை இன்றைய உலாவிகளில் நேரடியாக இயக்க இயலாது.

செயற்படும் முறை

தொலைக்காட்சி விளம்பரம் சில நொடிகளில் முடிந்துவிடும். விளையாடுபவரோ பல நிமிடங்கள் அப்பொருளின் பெயர், நிறம், சின்னம் ஆகியவற்றுடன் இருக்கிறார், மதிப்பெண்ணை உயர்த்த மீண்டும் வருகிறார், நண்பர்களையும் அழைக்கிறார். பதிவு செய்யும்போது அவர் தரும் தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி போன்றவை நிறுவனத்துக்குக் கிடைக்கின்றன. எனவே பணம் கொடுக்காவிட்டாலும், நேரத்தையும் தகவலையும் அவர் விலையாகக் கொடுக்கிறார் எனலாம்.

காலணித் துறையில்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தன. இப்பகுதியின் தோல் தொழிற்சாலைகள் பல, வெளிநாட்டு வணிகப் பெயர்களுக்காகக் காலணிகளைச் செய்து ஏற்றுமதி செய்கின்றன. விளம்பரம் செய்வது அப்பெயர்களுக்கு உரிய நிறுவனங்களின் பணியாகும். ஆம்பூரில் காலணிகளைச் செய்வித்துள்ள பிரித்தானிய நிறுவனமான கிளார்க்ஸ், 2022 இல் ரோப்லாக்ஸ் விளையாட்டுத் தளத்தில் சிக்காவர்ஸ் என்னும் விளையாட்டு உலகை வெளியிட்டது. நைக்கி நிறுவனம் அதே தளத்தில் 2021 இல் நைக்லாந்தைத் தொடங்கியிருந்தது. இவ்வாறு, காலணி தைக்கப்படும் இடமும் அதன்மீது விருப்பம் உண்டாக்கப்படும் இடமும் வெவ்வேறாக உள்ளன.

சட்டமும் விமர்சனமும்

பொருள் வாங்குவோருக்குக் குலுக்கல் போன்ற முறையில் பரிசளிக்கும் திட்டங்களைத் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம், 1979 தடை செய்கிறது. இணையம் பரவும் முன்னரே இயற்றப்பட்ட இச்சட்டத்தின் விளைவு இன்றைய செயலிகளிலும் தெரிகிறது. கூகுள் பே செயலியின் சுரண்டிப் பார்க்கும் பரிசு அட்டைத் திட்டங்கள் பலவற்றின் விதிகள், இச்சட்டத்தைச் சுட்டித் தமிழ்நாட்டில் வசிப்போரை விலக்கியுள்ளன. பரிசு இல்லாத விளையாட்டு இத்தடைக்குள் வருவதில்லை.

சிறுவர்களைப் பற்றியதே முதன்மையான விமர்சனம் ஆகும். விளம்பர இடைவேளையை அடையாளம் காணும் குழந்தைக்கும், தான் விளையாடுவதே விளம்பரம் என்பது எளிதில் புலப்படாது. இந்தியாவின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயதுக்குட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கும் பிரிவைக் கொண்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

விளம்பரம்
கணினி விளையாட்டு
ஆம்பூர்