மெய்நிகர் இயந்திர மேலாண்மையில் விருப்ப வன்பொருள் விவரங்கள்

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினியாகும். அதன் நினைவகம், வட்டு, பிணைய அட்டை முதலியவற்றை ஒரு வரையறை விவரிக்கிறது. வரையறையில் பயனர் குறிப்பிடாமல் விடக்கூடியவை விருப்ப விவரங்கள் எனப்படும். அவற்றை யார் நிரப்புவது, நிரப்பியதை எங்கே பதிந்து வைப்பது என்பவற்றுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தீர்வுகள் காணப்பட்டன.

தொடக்கம்

ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் 1960களில் சிபி-40, சிபி-67 ஆகிய அமைப்புகளை உருவாக்கியது. அவற்றின் வழிவந்த விஎம்/370, 1972இல் அறிவிக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு பயனரின் இயந்திரத்துக்கும் உரிய நினைவக அளவையும் சாதன முகவரிகளையும் நிர்வாகியே பயனர் கோப்பகத்தில் எழுதினார். முனையத்துக்கு 009 என்ற முகவரி வழக்கமாயிற்று. வேலை அதிகம், ஆனால் முகவரிகள் தாமாக மாறுவதில்லை.

மேசைக் கணினிக் காலம்

1999இல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் வெளிவந்தது. பிணைய அட்டையின் மேக் முகவரியை மென்பொருளே உருவாக்கி அமைப்புக் கோப்பில் எழுதியது. இயந்திரத்தின் கோப்புகள் இடம் மாறியிருந்தால், அவை நகர்த்தப்பட்டனவா, நகலெடுக்கப்பட்டனவா என்று பயனரிடம் கேட்கும் வசதியும் வந்தது. நகல் எனில் புதிய முகவரி வேண்டும். இல்லையெனில் ஒரே பிணையத்தில் இரு இயந்திரங்கள் ஒரே முகவரியுடன் மோதிக்கொள்ளும்.

லிப்விர்ட்

2005இல் தொடங்கிய லிப்விர்ட் திட்டம் முதலில் சென் அமைப்பையும், பின்னர் 2007இல் லினக்ஸ் 2.6.20 கருவில் இணைந்த கேவிஎம் உள்ளிட்டவற்றையும் நிர்வகித்தது. அதன் வரையறை எக்ஸ்எம்எல் வடிவில் அமையும். மேக் முகவரி விடுபட்டால், கேவிஎம் இயந்திரத்துக்கு 52:54:00 எனத் தொடங்கும் முகவரியொன்றை லிப்விர்ட் உருவாக்கும். நிலையான இயந்திரமாயின் அது வரையறையிலேயே சேமிக்கப்படும். தற்காலிக இயந்திரத்தை முகவரியில்லாத அதே வரையறையிலிருந்து மீண்டும் உருவாக்கினால், முகவரியும் புதிதாகும்.

இதன் விளைவு சிறியதன்று. பழைய லினக்ஸ் வழங்கல்கள் பல, மேக் முகவரியைக் கொண்டே அட்டைக்குப் பெயரிட்டன. முகவரி மாறியதும் அதே அட்டை வேறு பெயர் பெறும். பழைய பெயருக்கு எழுதிய அமைப்புகள் பொருந்தாமல், சேவையகத்தின் பிணையத் தொடர்பு அறுந்துபோகும்.

எனவே பிசிஐ முகவரிகளும் ஒருமுறை ஒதுக்கப்பட்டபின் வரையறையில் பதியப்பட்டன. பொதுப்பெயரால் குறித்த இயந்திர வகைக்குப் பதிலாகப் பதிப்பு எண்ணுடைய பெயர் எழுதப்பட்டது. இதனால் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலும், உள்ளே இயங்கும் இயக்குதளம் முன்பு கண்ட அதே வன்பொருளையே காண்கிறது.