பாய்ஸ்: எங்க தெருவுக்கு வந்த பாய் பேண்ட்

பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் எல்லாம் எனக்கு இன்ஜினியரிங் ஹாஸ்டல்லதான் அறிமுகம். அதுக்கு ரொம்ப முன்னாடியே, 2003-ல், சங்கரன்கோவில்ல எங்க வீட்டுக்கு ஒரு பாய் பேண்ட் வந்திருச்சு. அண்ணன் வாங்கிட்டு வந்த 'பாய்ஸ்' கேசட். நான் அப்போ ஒண்ணாப்பு. விசைத்தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேக்கணும்னு டேப்பை அலற விடுவான். "என்னலே பாட்டு இது, ஒரு எழவும் புரியல" என்பார் தறி ஓட்டுற மாமா. ராத்திரியானா அண்ணனும் கூட்டாளிகளும் மொட்டை மாடியில எண்ணெய் டின்னைத் தட்டிப் பாடுவாங்க.

ஷங்கர் படம், ரஹ்மான் இசை, சுஜாதா வசனம். ஆபாசம்னு வறுத்தெடுத்தாங்க, அதுல நியாயமும் உண்டு. ஆனா பாட்டு வேற. 'அலே அலே' இன்னும் என் போன்ல இருக்கு. ('டேட்டிங்' வந்தா தள்ளி விட்டுருவேன்.)

நிற்க. அந்தப் பேண்ட்ல எந்தப் பையனும் பாடலை! கார்த்திக், திப்பு, அத்னன் சாமி, லக்கி அலின்னு குரலெல்லாம் இரவல். நிஜக் குழுவும் இருந்துச்சு: எஸ்.எஸ். மியூசிக் சேனல் உருவாக்கின எஸ்5. அதுல பெண்களும் உண்டு. அதுல பாடின பென்னி தயாள் 2007-ல் 'சிவாஜி'யில பாடினார். அவரைத் தெரியும், குழு பேரு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? நம்மூர்ல பாட்டு பிழைக்கணும்னா சினிமா வாசல் வழியாத்தான் வரணும் போல.

படத்துல டிரம்ஸ் வாசிச்ச தமன் நிஜத்திலயும் டிரம்மர். அப்புறம் இசையமைப்பாளரானார். 2020-ல் வந்த 'அல வைகுண்டபுரமுலோ' தெலுங்குப் பாட்டுகளுக்குத் தேசிய விருதும் வாங்கினார். இதை அண்ணன்கிட்ட சொன்னேன்.

"ஏல, நாங்களும் அஞ்சு பேருதான்"னான்.