சம்பளப் பட்டியலுக்கு வெளியே: தென் தமிழகத்தில் விசுவாசியின் ஊழியம், 1706–1912

செருப்புத் தைப்பவரும் கொல்லரும் உழவரும் செய்யும் வேலைக்கும் குருவானவரின் பணிக்கும் கடவுள் முன் ஏற்றத்தாழ்வு இல்லை என்று 1520-இல் மார்ட்டின் லூதர் வாதிட்டார். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் குருத்துவத்தில் பங்குடையவர் என்பது அவருடைய துணிபு. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, மறந்துபோயிருந்த இந்தக் கருத்துக்கு ஜெர்மானியப் போதகர் ஸ்பேனர் 1675-இல் எழுதிய நூலின் வழியே மீண்டும் உயிர் கொடுத்தார். அதை ஜெர்மனியின் ஹாலே நகரில் அனாதை இல்லமாகவும் பள்ளிகளாகவும் அச்சகமாகவும் கட்டியெழுப்பியவர் பிராங்கே. அந்த ஹாலே மரபில் வந்த சீகன்பால்குவும் புளூட்சோவும் மிஷனரிகளாக 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினர்.

ஆகவே கடவுளுக்கு ஊழியம் செய்வது விசுவாசிகள் எல்லாருக்கும் உரிய கடமை என்ற போதனை தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையின் பிறப்பிலேயே இருந்தது. ஆனால் அந்தப் போதனையோடு ஒரு நிர்வாகமும் வந்தது. உபதேசியார், பள்ளி ஆசிரியர், உதவியாளர் ஆகியோருக்கு மிஷன் மாதச் சம்பளம் கொடுத்தது, அவர்களைத் தவறாமல் கூட்டி வேலை விவரம் கேட்டது, கேட்டதை எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஊழியம் என்பது மெல்ல மெல்ல அந்தப் பட்டியலில் இருப்பவர்களின் வேலையாயிற்று. இருந்தும் சபை புதிய ஊருக்குள் நுழைந்த தருணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், முதலில் நிற்பவர்களில் பலர் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள் என்பது தெரிகிறது.

ராஜநாயக்கனை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர் மன்னரின் படையில் பொறுப்பு வகித்த அவர் கத்தோலிக்கராக இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு கைக்குக் கிடைத்ததும் அதைப் படித்தார், படைத்தோழர்களிடமும் அதைப் பேசினார். மிஷனரிகள் தஞ்சை நாட்டுக்குள் நுழைய முடியாதிருந்த காலம் அது. 1720-களின் பிற்பகுதியில் அவர் மிஷனின் உபதேசியார் ஆனார். 1733-இல் ஆரோனும் 1741-இல் தியோகுவும் குருப்பட்டம் பெற்றார்கள்; ராஜநாயக்கன் பெறவில்லை. அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர் என்பதும், மற்றச் சாதியார் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற அச்சமும் குறுக்கே நின்றன. ஹாலே மரபு ஏட்டில் ஏற்றுக்கொண்டதை ஆற்றங்கரை ஊர்களில் நிறைவேற்றத் துணியவில்லை. தமிழ்த் திருச்சபை வரலாற்றில் இது சிறிய தவறு அன்று. மிகத் தகுதியான ஒரு மனிதரின் உழைப்பை வாங்கிக்கொண்டு அவருக்குரிய இடத்தை மறுத்த அநீதி இது.

கத்தோலிக்கப் பக்கத்திலும் இதே காலத்தில் ஒரு சான்று உண்டு. திருவிதாங்கூர் அரசு அலுவலரும் குடும்பஸ்தருமான தேவசகாயம் பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குருவோ துறவியோ அல்லாத அவரை ரோமைத் திருச்சபை 2022-இல் புனிதர் என்று அறிவித்தது.

பாளையங்கோட்டைக்கு வருவோம். அங்கே சபையைத் தோற்றுவித்தவர் ஒரு பெண். தஞ்சை மராட்டிய பிராமணக் கைம்பெண்ணான குளோரிந்தா ஓர் ஆங்கிலப் படை அதிகாரியுடன் வாழ்ந்தவர். அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்திருந்தார். அதிகாரி இறந்த பிறகு 1778-இல் கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் பல சாதிகளைச் சேர்ந்த 40 பேர் இருக்கிறார்கள், முதற்பெயர் குளோரிந்தாவுடையது. 1785-இல் அவர் முயற்சியால் எழும்பிய ஆலயத்தைப் பாளையங்கோட்டை மக்கள் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்கிறார்கள். உபதேசியார் சத்தியநாதன் தஞ்சையிலிருந்து அனுப்பப்பட்டதும் 1790-இல் குருப்பட்டம் பெற்றதும் பிறகு நடந்தவை. குளோரிந்தாவை எந்த மிஷனும் நியமிக்கவில்லை, எந்தக் கணக்கிலும் அவருக்குச் சம்பளம் இல்லை. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எங்கே தொடங்கினாலும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

1820-இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபின் உபதேசியார்களின் எண்ணிக்கை பெருகியது, நிர்வாகம் இறுகியது. அதே ரேனியஸ்தான் 1830-இல் தர்ம சங்கத்தையும் தொடங்கினார். வேதத்தில் சேர்ந்ததற்காக நிலக்கிழார்களால் விரட்டப்பட்ட குடும்பங்கள் குடியேற நிலம் வாங்குவது அதன் நோக்கம். அதற்குப் பணம் போட்டவர்களில் சாதாரணச் சபையாரும் இருந்தார்கள். ஒரு பனையேறிக் குடும்பம் கொடுத்த காசு இன்னொரு பனையேறிக் குடும்பத்துக்கு வீட்டுமனையாயிற்று. ஆலயத்துக்குள் நடக்கும் ஆராதனைக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்பேன்.

நாகர்கோவிலில் 1820-ஐ ஒட்டி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமை முறை நடப்பிலிருந்த திருவிதாங்கூரில் சில பெண்கள் அந்த வருமானத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். பின்னாளில் வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வேதம் படித்துக் காட்டிய வேதாகமப் பெண்களைத் தாங்கவும் லேஸ் பணம் உதவியது. லூதர் கொல்லரையும் உழவரையும் பற்றிச் சொன்னது இங்கே பெண்களின் விரல்களில் நிறைவேறியது.

அடுத்த பெரிய திருப்பம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவோடு வருகிறது. 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற அவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசிலேயே தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பி வைத்திருந்ததைக் கண்டார். அவர்களைவிட எண்ணிக்கையில் பெருத்த திருநெல்வேலித் திருச்சபை அப்படி எதையும் செய்யவில்லையே என்ற ஆதங்கம் அவரை உறுத்தியது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அயல்நாட்டுப் பணத்தை நாடுவதில்லை என்று முடிவு செய்த அந்தச் சங்கம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதியைப் பணிக்களமாகத் தேர்ந்தது. அதைத் தாங்கியது திருநெல்வேலிக் குடும்பங்களின் காணிக்கை.

1912-இல் அசரியா தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற மாலா, மாதிகா கூலிக் குடும்பத்தினர். ஏழைகளிடம் எதையும் கேட்கக் கூடாது என்ற கருணையை அசரியா ஏற்கவில்லை. கொடுப்பதும் சாட்சி சொல்வதும் அவர்களுடைய உரிமை என்று கருதினார். உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள், கோழியும் தானியமும் காணிக்கையாயின. ஞானஸ்நானம் பெறுகிறவர் தலைமேல் தன் கையை வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுலைப் போல் உறுதி சொல்லும் வழக்கத்தையும் அவர் ஏற்படுத்தினார். பின்னர் மேல்சாதியார் சிலரும் சபையை நாடி வந்தபோது, பிரசங்கத்தைவிட அந்தக் கூலிக் குடும்பங்களில் கண்ட மாற்றமே அவர்களை ஈர்த்தது என்று அசரியா திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்.

இந்திய மிஷனரி சங்கத்தின் ஊழியர்களும் சம்பளம் வாங்கியவர்கள்தாம். அதில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. உபதேசியார்களின் உழைப்பு இல்லாமல் சபைகள் நிலைத்திருக்க மாட்டா. என் குறை வரலாறு எழுதிய முறை பற்றியது. ஹாலே அறிக்கைகளும் மிஷன் சங்கங்களின் ஆண்டறிக்கைகளும் நன்கொடையாளர்களுக்காக எழுதப்பட்டவை. சம்பளம் வாங்கியவர் என்ன செய்தார் என்பதை அவை விரிவாகச் சொல்கின்றன. அரிசி எடுத்து வைத்தவரைப் பற்றி ஒரு மொத்தத் தொகையை மட்டும் சொல்கின்றன. அவற்றையே நம்பி நாமும் ஐயர்மாரின் வரலாற்றைச் சபையின் வரலாறு என்று எழுதிவிட்டோம்.

இந்தக் குறையைத் தீர்க்கும் சான்றுகள் சேகர அலுவலகங்களின் பீரோக்களில் கிடக்கின்றன: கைப்பிடி அரிசிக் கணக்குகள், பெண்கள் சங்கக் குறிப்பேடுகள், பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள். பல கரையானுக்குப் போய்விட்டன. உங்கள் சபையில் அப்படி ஒன்று மிஞ்சியிருந்தால், புதுக் கட்டடம் கட்டும்போது பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைப் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி போன்ற ஆவணக் காப்பகம் உள்ள இடத்தில் ஒப்படையுங்கள்.