கொச்சிக்காயும் மூக்கடைப்பும்

மாரி பிறந்து வாடைக்காற்று வாவியைத் தடவி வீசத் தொடங்கினால், வாழைச்சேனையில் தடிமன் புகாத வீடு அரிது. அடுப்பில் மல்லியும் வேர்க்கொம்பும் கொதிக்கும். மத்தியானச் சோற்றுக்கு மிளகு இரசம் வரும். அதுவும் போதாதென்று கொச்சிக்காய்ச் சம்பல் அரைபடும். மூக்கிலிருந்து நீர் ஓடினால், அடைப்புத் திறந்துவிட்டது என்பர் பெரியோர். இவ்வைத்தியம் முழுவதும் தொன்றுதொட்டு வந்ததென்றே நம்மிற் பலர் நம்புகிறோம். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை.

மிளகும் வேர்க்கொம்பும் திப்பிலியும் பழையன என்பதில் ஐயமில்லை. அம்மூன்றும் சேர்ந்த மருந்தே திரிகடுகம். நல்லாதனார் தம் நூலுக்கு அப்பெயரை இட்டு, பாட்டுத்தோறும் மும்மூன்று பொருளை வைத்துப் பாடினார் என்றால், அம்மருந்து அக்காலத்து மக்களுக்கு எத்துணைப் பழக்கமாயிருந்திருக்க வேண்டும்! ஆனால் அம்மூன்றில் கொச்சிக்காய் இல்லை, இருக்கவும் முடியாது. 1492இல் கொலம்பசு அமெரிக்கக் கரையை அடையுமுன் அச்செடியை இப்பக்கத்தில் எவரும் கண்டதில்லை. போர்த்துக்கேயரே அதனைக் கீழ்த்திசைக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் 1505இல் இலங்கையில் கால்வைத்து, 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியவர்கள். நாம் வழங்கும் 'கொச்சிக்காய்' என்ற சொல்லிலேயே, அவர்களின் துறைமுகமாயிருந்த கொச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பர். 'மிளகாய்' என்பதோ மிளகுபோல உறைக்கும் காய். வந்தவளுக்கு வீட்டுக்காரியின் பெயரைச் சூட்டிவிட்டோம்!

இனி, உறைப்பு மூக்கைத் திறப்பது எவ்வாறு? நாம் எண்ணுவதுபோல் உறைப்பு நாவின் சுவையன்று, ஒருவகைச் சூட்டுணர்ச்சி. கொச்சிக்காயிலுள்ள காப்சைசின் என்னும் பொருள், வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அவ்வுணர்வியை டேவிட் ஜூலியசு என்னும் அமெரிக்க விஞ்ஞானியின் குழுவினர் 1997இற் கண்டறிந்தனர். 2021இல் அவர் மற்றொருவருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாய் எரிகிறதென்று நரம்பு அறிவிக்க, மூக்கின் சுரப்பிகள் நீரைச் சொரிகின்றன. தடித்த சளி இளகி வழிகிறது. ஆகவே நம் பெரியோர் கண்டது பொய்யன்று. ஆயினும் உள்ளே வீங்கிய சவ்வு அதனால் வற்றிவிடுவதில்லை. சற்று நேரத்தில் மூக்கு மீண்டும் அடைத்துக்கொள்ளும். கன்னத்தில் நோவும், காய்ச்சலும், பழுத்த சளியுமாய்ப் பத்து நாளுக்கு மேல் நீடித்தால் அது பீனிசமாயிருக்கலாம். அப்போதும் சம்பலையே நம்பியிருத்தல் தகாது, வைத்தியரிடம் போகவேண்டும்.

சிறு பிள்ளைகளுக்கு நம் ஆச்சிமார் கொச்சிக்காயைக் கொடுப்பதில்லை. வேர்க்கொம்பு தட்டிப்போட்ட மல்லித்தண்ணியைச் சூடாற்றிப் பருக்குவர்.